ஊசி எதைக் கரைக்கிறது?

எடை குறைக்கும் ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் வந்தது. ஜூனில் நோவோ நார்டிஸ்கின் வெகோவி வந்தபோது, தொடக்க அளவுக்கே மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் அது 10,850 ரூபாய்க்கு இறங்கியது. வெகோவியில் இருக்கும் அதே செமாக்ளூடைடு, டிசம்பரில் ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரை நோய்க்காக விற்பனைக்கு வந்தது. அப்போது தொடக்க அளவுக்கு மாதம் 8,800 ரூபாய். 2026 மார்ச்சில் செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலமும் முடிந்தது. டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, சைடஸ் என்று நம் நிறுவனங்கள் பல இந்த நாளுக்காகவே ஆயத்தமாகி வந்தவை. கொல்கத்தாவின் அலிப்பூரிலும் சால்ட் லேக்கிலும் வசதியான வீடுகளில் மட்டும் பேசப்பட்ட ஊசி, பெஹாலாவிலும் டம்டமிலும் உள்ள மாதச் சம்பளக் குடும்பங்களுக்கும் எட்டிவிடும் நிலைக்கு வந்திருக்கிறது. விலை இறங்குவது நல்லதுதான். ஆனால், இந்த மருந்தை யாருக்கு, எதை அளந்து பார்த்து, யாருடைய கண்காணிப்பில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமையும். எடைமேடை காட்டும் கிலோவை மட்டும் பார்த்துக் கொடுத்தால், தேவையுள்ளவர்களைக் கைவிட்டுத் தேவையில்லாதவர்களின் உடம்பைக் கெடுத்தவர்களாவோம். கொல்கத்தா போன்ற பெருநகரத்தில் அந்த ஆபத்து இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது.

மருந்தின் பலனைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டவுடன் நம் குடலில் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டுவதும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிவிப்பதும் அதன் வேலை. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்யும் செமாக்ளூடைடு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. 1,961 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாக்ளூடைடு போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 14.9% எடை இழந்தார்கள்; மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4% மட்டுமே. டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரங்களில் 20.9% வரை குறைத்தது. எடையைக் காட்டிலும் முக்கியமானது இதயம். ஏற்கெனவே இதய நோயோ ரத்தக்குழாய் நோயோ இருந்து, சர்க்கரை நோய் இல்லாத, அதிக எடையோ பருமனோ கொண்ட 17,604 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. செமாக்ளூடைடு போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20% குறைந்திருந்தன. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது உதவுகிறது என்பது 2024-ல் உறுதியானது. இதற்கு முன் வந்த எடை குறைப்பு மருந்துகளில் ரிமோனபான்ட் மனச்சோர்வைக் கிளப்பியது, சிபுட்ரமின் இதயத்தைப் பாதித்தது. இரண்டும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. அந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள்தான் இந்த மருந்தின் அருமையை முழுதாக உணர முடியும்.

ஆனால், அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஆய்வில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையர்கள்; சராசரி எடை 105 கிலோ. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் தனி ஆய்வு நடந்து நல்ல பலன் தெரிந்தது உண்மை. நம்முடைய உடல்வாகு இன்னும் வேறு. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருடைய பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் குறியீட்டெண், 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. ஆனால், யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2%. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு, எலும்பைச் சுற்றிக் குறைவான தசை: தெற்காசியரின் உடம்பு பெரும்பாலும் இப்படித்தான். இதனால்தான் உலகக் கணக்கில் பிஎம்ஐ 30-ஐத் தொட்டால் உடல் பருமன் என்றால், இந்திய மருத்துவர்கள் 25-லேயே எச்சரிக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது என்கிறார்கள். கொல்கத்தாவுக்கு இது புதுச் செய்தி இல்லை. வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி 1907-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய விவாதத்திலேயே, வங்கத்தின் வசதியான வகுப்பாரிடையே அந்த நோய் பரவியிருப்பது பற்றிக் கொல்கத்தா மருத்துவர் கைலாஸ் சந்திர போஸின் கருத்து பதிவாகியிருக்கிறது. அன்று சிலருடைய நோய். இன்று எல்லோருடைய நோய். சென்னையில் வி.மோகன், ஆர்.எம்.அஞ்சனா ஆகியோரின் குழு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, 10.1 கோடி இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வில் பிஎம்ஐ கணக்கில் பருமனானவர்கள் 28.6%, வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5%. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்களை எடைமேடை கண்டுகொள்வதே இல்லை.

ஊசி போட்டு இளைப்பவருக்குக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. 2021 ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு சிறு பகுதியினரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இழந்த எடையில் ஏறத்தாழ 40% கொழுப்பில்லாத திசு; அதில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த வழியில் எடை குறைந்தாலும் தசையும் ஓரளவு குறையும் என்பது சரிதான். 105 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தாங்கிக்கொள்ளத் தசை இருப்பு இருக்கிறது. எழுபது கிலோ எடையில், ஏற்கெனவே தசை குறைந்த, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது இல்லை. சர்க்கரையை ரத்தத்திலிருந்து உறிஞ்சிச் செலவழிக்கும் முதன்மையான இடமே தசைதான். முதுமையில் விழாமல் காப்பதும், தரையில் உட்கார்ந்து எழ வைப்பதும் அதுதான். இதில் உணவையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியரின் சராசரி உணவில் 62% கலோரி மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. புரதத்தின் பங்கு சொற்பம். காலையில் லூச்சி என்ற பூரியும் ஆலூ தம் என்ற உருளைக்கிழங்குக் கறியும், மதியம் சோறு, மாலையில் முரி என்ற பொரியும் தேலேபாஜா என்ற பஜ்ஜியும், இடையில் ஒரு சந்தேஷ் இனிப்பு என்று பழகிய ஒருவருக்குத் திடீரென்று பசி பாதியாகிறது. இரண்டு வாய் சோற்றோடு எழுந்துவிடுகிறார். மீன் துண்டு தட்டிலேயே கிடக்கிறது. என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாவிட்டால், குறைவாகச் சாப்பிடும் அந்தக் கொஞ்சமும் மாவாகவே இருக்கும். புரதமும், எடை தூக்கும் உடற்பயிற்சியும் இந்தச் சிகிச்சையின் பாதி. ஊசியை வாங்கித் தருபவர்கள் இந்தப் பாதியைத் தருவதில்லை.

இன்னொரு உண்மையையும் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. 2021 ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை போல இது நீண்ட காலத்துக்கு உரிய மருந்து. ஆனால், கொல்கத்தாவில் துர்கா பூஜை நெருங்கும்போதும், நம் ஊரில் கல்யாணத் தேதி நெருங்கும்போதும் இதை மூன்று மாத வேலையாக நினைக்கிறார்கள். மருந்தின் கணக்கே அதற்கு ஒத்துவராது. வெகோவியில் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறி, 2.4 மில்லிகிராமை எட்டப் பதினாறு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வாந்தியும் நீர்ச்சத்து இழப்பும்தான் மிஞ்சும். பூஜைக்கு இளைத்து, தீபாவளிக்கு நிறுத்தி, அடுத்த ஆண்டு மறுபடி தொடங்கும் ஒருவருக்கு, திரும்பும் எடையோடு போன தசையும் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எடைமேடை பழைய எண்ணையே காட்டலாம். உடம்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கலாம்.

மற்ற பக்க விளைவுகள் பெரும்பாலும் தெரிந்தவை. குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும்; பெரும்பாலும் அடங்கிவிடும். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். சிலவகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. பார்வையைப் பறிக்கும் நரம்புப் பாதிப்பு மிக மிக அரிதாக, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரை வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் அறிவித்தது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மருந்தை ஒதுக்கக் காரணம் இல்லை. எல்லாமே, கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒரு மருத்துவர் எதிரில் இருக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

அந்த மருத்துவர் இல்லாமல் ஊசி கைக்கு வரும் வழிகள்தான் கவலையளிக்கின்றன. 2024 டிசம்பர் இறுதியில் மத்திய, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கொல்கத்தாவில் ஒரு மொத்த விற்பனையகத்தில் சோதனை நடத்தி, சுமார் 6.6 கோடி ரூபாய் மதிப்புள்ள மருந்துகளைக் கைப்பற்றினார்கள். போலி என்று சந்தேகிக்கப்பட்ட அவற்றில் புற்றுநோய் மருந்துகளும் சர்க்கரை நோய் மருந்துகளும் இருந்தன. அயர்லாந்து, துருக்கி, அமெரிக்கா, வங்கதேசம் என்று லேபிள்கள் சொல்லின. சட்டப்படி இறக்குமதியானதற்கான ஆவணம் எதுவும் இல்லை. மருந்தில்லாத வெற்றுப் பொதிகளும் அங்கே கிடந்தன. அந்தக் காலிப் பெட்டிகள் எதற்காக வைக்கப்பட்டிருந்தன என்று யோசித்தாலே நெஞ்சு பதறுகிறது. போலி செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அவை பிடிபட்டிருந்தன. கட்டுப்பாடு இறுகிய நாடுகளிலேயே இந்த நிலை என்றால், கேனிங் ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள மொத்த மருந்துச் சந்தையிலிருந்து கிழக்கிந்தியா முழுவதற்கும் சரக்கு போகும் ஒரு நகரம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! உண்மையான மருந்துக்கும் ஆபத்து உண்டு. திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். மே மாதத்துக் கொல்கத்தாப் புழுக்கத்தில், ஐஸ் இல்லாத பையில் நான்கு மணி நேரம் ஊர் சுற்றி வரும் ஊசியின் வீரியத்துக்கு யார் பொறுப்பு? மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற விதி பெட்டியின் மேல் அச்சாகியிருக்கிறது. அது கவுன்டரிலும் அமலாக வேண்டும்.

அப்படியானால் மருந்தையே இறுக்கிப் பூட்டிவிடலாமே என்பார்கள். கூடாது. இளைக்க வேண்டும் என்ற ஏக்கம் மருந்து வருவதற்கு முன்பே இருந்தது. அது ஏற்கெனவே உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. மதுரையில் 2026 ஜனவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், இணையக் காணொளியை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் வாங்கி உட்கொண்டு இறந்தார். 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். ஆய்வு செய்து நிரூபிக்கப்பட்ட மருந்தை எட்டாத இடத்தில் வைத்தால், அந்த இடத்தை வெண்காரமும் பெயரில்லாத பொடிகளும் நிரப்பும்.

வாயைக் கட்டி, காலையில் நடந்தால் போதாதா, இதற்கு ஏன் ஊசி என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இயல்பிலேயே ஒல்லியானவர்கள். பசியும் நிறைவும் ஹார்மோன்களின் பிடியில் இருக்கின்றன. எடை குறையும்போது பசியைக் கூட்டி உடம்பு எதிர்த்துப் போராடும். முயன்று தோற்ற ஒருவரைச் சோம்பேறி என்று ஏசுவது மருத்துவமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை. அதே நேரத்தில், நடக்கச் சொல்லும் நகரம் நடக்க இடம் தருகிறதா என்றும் கேட்க வேண்டும். கொல்கத்தா காவல் துறை 2013-ல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக்குப் பிறகு பட்டியல் 62 சாலைகளாகச் சுருங்கியது. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி வசிப்பவர்கள் விடியற்காலையில் நடக்கலாம். ராஜாபஜாரின் குறுகிய தெருவில் இருக்கும் பெண் எங்கே நடப்பார்? பொதியின் முகப்பிலேயே உப்பு, சர்க்கரை, கொழுப்பு பற்றி எச்சரிக்கும் லேபிள் வேண்டும் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்தது. அந்த லேபிளும், நடைபாதையும், மிதிவண்டிப் பாதையும் அடுத்த தலைமுறைக்கு நோய் வராமல் தடுக்கும். இன்று மாரடைப்பு வந்து படுத்திருப்பவருக்கு மருந்துதான் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதை ஏற்க முடியாது.

ஆகக் கடினமான மறுப்பு வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருக்கும் மாநிலம் மேற்கு வங்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு 33.8%. அங்கே அரசுப் பணத்தைப் பருமனுக்குச் செலவிடலாமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணத்தில் ஒரு பைசாவைக்கூட இதற்குத் திருப்பக் கூடாது. ஆனால், இரண்டும் எதிரெதிர் நோய்கள் என்று நினைப்பது தவறு. கருவிலேயே ஊட்டம் குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் சிறிய உடம்பில் தசை குறைந்து கொழுப்பு தங்கிவிடுவதை யாஜ்னிக்கின் புணே ஆய்வுகள் காட்டின. வளர்ச்சி குன்றிய குழந்தையே நாற்பது வயதில் சர்க்கரை நோயாளியாகலாம். அந்த நோயாளி பணக்காரர் இல்லை. இரண்டு ரூபாய் சீட்டு எடுத்து, கொல்கத்தாவின் எஸ்எஸ்கேஎம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். மாநில அரசின் ஸ்வாஸ்த்ய சாத்தி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவர் மாரடைப்பு வந்து படுத்தால் ஐந்து லட்சம் வரை கொடுக்கும். மாரடைப்பைத் தடுக்கும் வாராந்திர ஊசிக்குக் கொடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, பருமனாகவும் உள்ளவர்களுக்கு என்றுதான் சொன்னது. மேற்கு வங்க அரசு தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

வயது வந்தவர் தன் காசில் தன் உடம்பை இளைக்க வைத்தால் அரசுக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தன் விருப்பத்தில் முடிவெடுக்க, முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ம் ஆண்டுச் சட்டம், குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் சேர்த்திருக்கிறது. எழுபது வருடங்களுக்கு முன் சட்டம் எழுதியவர்கள் இந்த ஏக்கத்தை எவ்வளவு எளிதில் காசாக்கலாம் என்று அறிந்திருந்தார்கள். இன்று சமூக ஊடகங்களில் முன்-பின் படங்கள் போடும் பிரபலங்களை அந்தச் சட்டம் எட்ட வேண்டும். சாதாரண எடையில் இருந்தும் குண்டாக இருக்கிறோம் என்று நம்பவைக்கப்பட்ட பதினெட்டு வயதுப் பெண்ணின் பசியை அடக்குவதைச் சுதந்திரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாநில சுகாதாரத் துறை செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. எஸ்எஸ்கேஎம்மிலும் மாவட்ட மருத்துவக் கல்லூரிகளிலும் வாரம் ஒரு நாள் தனிப் பிரிவு. எடைமேடையோடு அளவு நாடாவும் கைப்பிடி வலுவை அளக்கும் கருவியும். உள்ளூர் உணவில் புரதம் எங்கிருக்கிறது என்று வங்க மொழியில் சொல்லித்தர ஓர் உணவியலாளர். காப்புரிமை முடிந்த மருந்தை மொத்தமாக விலை பேசி வாங்கி, 2012 முதல் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நியாய விலை மருந்துக் கடைகளின் குளிர்பெட்டியில் வைக்கலாம். யாருக்கு எத்தனை ஊசி போனது, இடுப்பு எவ்வளவு குறைந்தது, வலு எவ்வளவு நின்றது என்று பதிவேடு வைத்தால், நம் உடம்பைப் பற்றிய ஆய்வு நம்மிடமே இருக்கும். மொத்த விற்பனையகங்களில் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் செய்தியாக இல்லாமல் மாதாந்திர வேலையாக வேண்டும். இவற்றை அடுத்த துர்கா பூஜைக்குள் தொடங்கிவிட முடியும். சர்க்கரையோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள, இடுப்பு பெருத்த வாசகர்கள் தயங்காமல் மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்பும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்து, பண்டிகைக்காக நான்கைந்து கிலோ குறைக்க மட்டும் நினைப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.